ஒரு வார்த்தையும் விடாதவள்

விடுதி, மூன்றாம் மாடி
ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சின்னவள் பத்திரமாக வந்து சேர்ந்தாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. பெட்டியின் கைப்பிடிதான் ரயில் நிலையத்திலேயே கழன்றுவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? அத்தானும் குட்டியும் எப்படி இருக்கிறார்கள்?

அறையில் இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் எதிர்க் கட்டில் பக்கம்தான் காற்றை வீசுகிறது. அந்தக் கட்டில்காரி கணிதம் படிக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளவில்லை.

இன்று முதல் வகுப்பு. சொத்துரிமைச் சட்டம். பேராசிரியர் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு இருமல் இருமுகிறார். வகுப்பில் எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்த பிள்ளைகள். நான் நீதிமன்றத்தில் எட்டு வருஷம் சுருக்கெழுத்து எழுதிவிட்டு வந்தவள் என்றதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பாடம் ஆரம்பித்ததும் பாவம், ஒவ்வொன்றும் பேனாவைப் பிடித்துக்கொண்டு திண்டாடியது. பக்கத்திலிருந்தவள், "சார் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்று கெஞ்சினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் நீதிபதி ஐயா வாய்க்குள்ளேயே முணுமுணுப்பதை எழுதிப் பழகிய கைக்கு இது எந்த மூலைக்கு? அவர் சொன்னதில் ஒரு வார்த்தை விடவில்லை. நீ பழக்கிய கை, அக்கா.

நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் சின்னவள்


வீடு
ஜூன் 30

அன்புள்ள சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் வலிக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போய் வம்பு பேசும்போது வலிப்பதில்லை. உன் கடிதத்தையும் அங்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். பார்த்து எழுது. போனில் பேசலாம் என்றால் நீ எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் கடிதமே இருக்கட்டும்.

உன் நாற்காலியில் ஒரு புதுப் பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கச் சூயிங்கம் மெல்லுகிறாள். எதிர் மேசையில் உட்கார்ந்து அந்த வாயைப் பார்த்துப் பார்த்து எனக்கே தாடை வலிக்கிறது.

முக்கியமான விஷயம். தலைமை எழுத்தர் நேற்று என்னைக் கூப்பிட்டார். உன் படிப்பு விடுப்பு ஜனவரி வரைக்கும்தான். அதற்குள் முதல் பருவத்தின் ஐந்து தாளிலும் தேறிய சான்று வந்தால் பாக்கி வருஷங்களுக்கும் தருவாராம். ஒன்று குறைந்தாலும் நீ திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். "எட்டு வருஷம் இங்கே இருந்த பொண்ணு, படிப்பு வருமா?" என்று வேறு கேட்டார். "அவளுக்கா வராது?" என்று நானும் ஒரு பிடி பிடித்துவிட்டேன்.

நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். காது கேட்கட்டும், கை எழுதட்டும், மனசைக் குறுக்கே விடாதே. எதையும் விடாமல் எழுதிக்கொண்டால் படிப்பு பாதி முடிந்த மாதிரி.

உடம்பைக் கவனித்துக்கொள்.

பெரியவள்


விடுதி
ஜூலை 27

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டியின் பல் விழுந்ததா?

இங்கே உன் தங்கை பெரிய ஆள் ஆகிவிட்டாள். என் பெயர் இப்போது ரெக்கார்டர் அக்கா. சாயங்காலம் உட்கார்ந்து சுருக்கெழுத்தை நீட்டி எழுதி வைப்பேன். மறுநாள் காலையில் நூலகத்துக் கீழ்த்தளத்தில் இருக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் கூட்டம் கூடிவிடும். வகுப்புக்கு வராமல் தூங்குகிறவர்கள்கூட என் நோட்டை நம்பித்தான் தூங்குகிறார்கள். தடித் தடியாக ஏழு நோட்டு ஆகிவிட்டது. கணக்குப்பிள்ளை அதில் தலை வைத்துப் படுத்துப் பார்த்துவிட்டு, தலையணையைவிட உயரம் என்றாள்.

அவள் நேற்று, "இன்னிக்கு உங்க வகுப்புல என்ன நடத்தினாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று வரவில்லை. "இரு, நோட்டைப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் நடுவில் முதல் பருவத் தேர்வு. ஏழு நோட்டையும் நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் அடுத்த கடிதம் தாமதமானால் தேடாதே.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

சின்னவள்


வீடு
செப்டம்பர் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமா? இங்கே ஒரு குறையும் இல்லை. குட்டிக்கு முன் பல் இரண்டும் விழுந்துவிட்டது. சிரிக்கவே மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறாள்.

தேர்வு முடிந்திருக்கும். எப்படி எழுதினாய் என்று ஒரு வரி போடக் கூடாதா? அம்மா தினமும் தபால்காரர் முகத்தைப் பார்க்கிறாள். அத்தான், "நல்லா எழுதியிருப்பா, அதான் அலட்டிக்காம இருக்கா" என்கிறார். அவருக்கு எல்லாமே நல்லதாகத்தான் தெரியும். என்னைக் கட்டிக்கொண்டதையே அதிர்ஷ்டம் என்கிறவர்.

தலைமை எழுத்தர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். ரிசல்ட் வந்ததும் எழுது.

பெரியவள்


விடுதி
செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். அம்மாவை அலையவிடாதே. குட்டிக்கு என் முத்தம்.

இங்கே ஒரு வாரமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. விடுதிக் காப்பாளர் எல்லோரையும் கூட்டி வைத்து, "தண்ணி இல்லைன்னு யாரும் மேல கீழ ஓடக் கூடாது. ஆளுக்கு ரெண்டு வாளி. மூணாவது வாளி எடுத்தா பேர் எழுதி ஒட்டுவேன். நான் இந்த விடுதிக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? உங்களை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்?" என்று பேசினார். அதற்குக் கணக்குப்பிள்ளை, "ரெண்டு வாளியில குளிக்கறதா, துவைக்கறதா? எங்க வீட்டு நாய்க்கே ரெண்டு வாளி ஊத்துவோம்" என்றாள். காப்பாளர் உடனே, "அப்ப நாயைக் கொண்டு வந்து படிக்க வைங்க" என்றார். ஒரே சிரிப்பு.

பேராசிரியருக்கு இருமல் கூடிவிட்டது. மருத்துவர் பேசக் கூடாது என்றாராம். அதைச் சொல்வதற்கே பாதி வகுப்பு பேசினார். கணக்குப்பிள்ளையின் அம்மா ஊரிலிருந்து வந்து, "நீங்கதான் இவளைப் பாத்துக்கணும், பெரியவங்களா இருக்கீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெயில் குறைந்திருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னவள்


அலுவலகம்
செப்டம்பர் 22

சின்னவளே,

எல்லோரும் நலம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை அம்மா பக்கத்து வீட்டில் வாசித்துச் சிரித்துவிட்டு வந்தாள். நான் இரண்டு தடவை படித்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பாளர் சொன்னது இருக்கிறது, கணக்குப்பிள்ளை சொன்னது இருக்கிறது, அவள் அம்மா சொன்னது இருக்கிறது, நாய்கூட இருக்கிறது. உன்னைத்தான் காணோம். நான் ஊர்ப்பட்ட சாட்சிகளின் பேச்சை எழுதியிருக்கிறேன். எதைக் கேட்கிறோமோ அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிற சாட்சி எதற்காக அப்படிச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும்.

இனி அலுவலக முகவரிக்கு எழுது. அம்மா கண்ணில் படாது. பூசி மெழுகாமல் எழுது.

பெரியவள்


விடுதி
அக்டோபர் 5

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதைச் சுருக்கெழுத்தில் எழுதினால் கை பாட்டுக்கு ஓடிவிடும். அதனால் நீட்டி, மெதுவாக எழுதுகிறேன்.

ஐந்து தாளில் மூன்றில் தோற்றுவிட்டேன்.

சொத்துரிமைத் தாளில் ஒரு கேள்வி. "ஒரு வீட்டில் நெடுங்காலம் இருந்தவருக்கு அந்த வீட்டின் மேல் உரிமை வருமா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக." அந்தப் பாடம் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். எழுத ஆரம்பித்தேன், கை ஓடியது. கூடுதல் தாள் நாலு தடவை வாங்கினேன். மேற்பார்வையாளரே என்னை மரியாதையாகப் பார்த்தார். திருத்திய தாளைக் காட்டியபோதுதான் தெரிந்தது, நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று. பாடத்தின் நடுவில், "பின்னால யாரு பேசறது? அந்த ஜன்னலைச் சாத்துங்கப்பா, லாரி சத்தம் காதைப் பிளக்குது" என்றும் எழுதியிருக்கிறேன். பேராசிரியர் அன்றைக்குச் சொன்னது. அதையும் விடவில்லை. கீழே சிவப்பு மையில் அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: "இது என் வகுப்பு. உங்கள் விடை எங்கே?"

என் நோட்டை ஜெராக்ஸ் எடுத்தவர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள், அக்கா. ஒருத்தி முதல் மதிப்பெண். எனக்கு இனிப்பு கொண்டு வந்து கொடுத்தாள். நான் வாங்கித் தின்றேன்.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து அறையில் கற்றல் உதவி மையம் என்று பலகை இருக்கும். படிப்பு ஏறாத பிள்ளைகளுக்காக்கும் என்று நினைத்துத் தினமும் தாண்டிப் போவேன். ஒரு நாள் மெஷினில் தாள் சிக்கிக்கொண்டு, நின்று நின்று கால் வலிக்கவே உள்ளே போய் உட்கார்ந்தேன். அங்கே இருப்பவள் ஆராய்ச்சி மாணவி, என்னைவிட வயதில் சின்னவள். அவளுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியுமாம். வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துத்தான் படிக்கிறாள். அதைக் கூச்சமில்லாமல் முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால்தான் நானும் வாயைத் திறந்தேன்.

என் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்தாள். "இந்தப் பக்கத்துல தேவையில்லாததை எல்லாம் அடிச்சுடுங்க" என்றாள். அவ்வளவுதான். என்னால் முடியவில்லை, அக்கா. பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தையைக்கூட அடிக்கக் கை வரவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னதைக்கூட. அந்த ஒரு வார்த்தையை விட்டதால் ஒருவன் ஜெயிலுக்குப் போய்விட்டால்?

"எழுதும்போது என்ன நினைப்பீங்க?" என்று கேட்டாள். ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றேன். "அதுதான்" என்றாள்.

இனிமேல் வகுப்பில் பேனா இல்லாமல் உட்கார வேண்டுமாம். வெறுங்கையோடு. வெளியே வந்த பிறகு ஞாபகம் இருப்பதை மட்டும் அரைப் பக்கம் எழுத வேண்டுமாம். டிசம்பரில் மறுதேர்வு. அதிலும் போனால் ஜனவரியில் உனக்கு எதிர் மேசையில்தான்.

"இப்படி எழுத உங்களுக்கு யார் கத்துக் கொடுத்தது?" என்றும் கேட்டாள். அலுவலகத்தில் பழகியது என்று சொல்லிவிட்டேன். உன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. நீ கொடுத்ததை நான் மறக்க வேண்டியிருக்கிறது. இதை உனக்கு எப்படி எழுதுவது என்றுதான் நாயையும் வாளியையும் எழுதினேன்.

கோபப்படாதே.

சின்னவள்


விடுதி
நவம்பர் 3

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலமா? பதிலே இல்லை. அம்மா போனில், "உங்க அக்கா நல்லாத்தான் இருக்கா, முகத்தைத்தான் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கா" என்றாள்.

நீ படிக்கிறாயோ இல்லையோ, நான் எழுதுகிறேன். பேனா இல்லாமல் உட்கார்ந்த முதல் நாள் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அப்படியும் விரல் உள்ளேயே எழுதிக்கொண்டிருந்தது. வெளியே வந்து எழுத உட்கார்ந்தால், பேராசிரியர் நீலச் சட்டை போட்டிருந்தார் என்பது மட்டும்தான் ஞாபகம். அதை எழுதிக்கொண்டு போனேன். உதவி மையத்தில் அவள் சிரிக்கவில்லை. "சரி, நாளைக்குச் சட்டைக்கு மேல இருக்கற வாயைப் பாருங்க" என்றாள். இப்போது அரைப் பக்கம் வருகிறது. சில நாள் பேராசிரியர் சொல்வது சரியில்லையே என்றுகூடத் தோன்றுகிறது. வகுப்பு நடக்கும்போதே தோன்றுகிறது, அக்கா! தோன்றியதும் பயந்துபோய் பக்கத்தில் யாராவது பார்த்தார்களா என்று பார்த்தேன்.

வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் என் மேல் ஆத்திரம். "ரெக்கார்டர் ரிப்பேரா?" என்று கிண்டல். இனிப்புக் கொடுத்தவள் இப்போது முகம் கொடுத்தே பேசுவதில்லை. ஆனால் முன் வரிசையில் ஒருத்திக்கு இரண்டு காதுமே சரியாகக் கேட்காது. அவள் வாயைத் திறந்து கேட்கவில்லை. கண் கலங்கி நின்றாள். அவளுக்கு என் நோட்டு நிஜமாகவே வேண்டும். உதவி மையத்தில் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். அவள் பக்கத்தில் நாங்கள் ஆறு பேர் முறை வைத்து உட்கார்ந்து எழுதித் தருகிறோம். வாரத்தில் ஒரு நாள் என் முறை. அன்றைக்கு மட்டும் உன் பழைய தங்கை. ஒரு வார்த்தை விடுவதில்லை.

ஒரு வரியாவது போடு. திட்டியாவது போடு.

சின்னவள்


அலுவலகம்
நவம்பர் 24

சின்னவளே,

இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. திட்டியாவது எழுது என்றாயே, எழுதுகிறேன்.

உன் அக்டோபர் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனசைக் குறுக்கே விடாதே என்று நான் வேகத்துக்காகவா சொன்னேன்? நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு குழந்தை வழக்கு வந்ததே. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தட்டை அப்படியே தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். நாள் கணக்கில் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் சொன்னேன். அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் இந்த அறையில் நீ எட்டு வருஷம் தாங்கியிருக்க மாட்டாய். அதனால் நான் சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன். எதிர்பார்க்காதே.

ஆனால் உன் கடிதம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது பார். எழுதும்போது என்ன நினைப்பீர்கள் என்று அவள் உன்னைக் கேட்டாளாம். அந்தக் கேள்வி எனக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. போன வாரம் ஒரு வீட்டு வழக்கு. ஒரு பெரியவர் பல வருஷம் படுத்த படுக்கையாக இருந்திருக்கிறார். அவரைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண் அந்த வீட்டின் பின் அறையிலேயே இருந்துவிட்டாள். பெரியவர் போனதும் பிள்ளைகள் வந்து வெளியே போ என்கிறார்கள். அவரே தன்னை இருக்கச் சொன்னார் என்கிறாள் இவள். "அதுக்கு ஆவணம் இருக்கா?" என்று வக்கீல் கேட்டார். அதற்கு அவள் சொன்னாள்: "தாள் எதுவும் இல்லைங்க. கடைசி காலத்துல அவருக்கு எல்லாம் மறந்துபோச்சு. பெத்த புள்ளைங்க வந்தாலும் யாருன்னு கேப்பாரு. என் குரல் மட்டும் தெரியும். நான் பேசினாத்தான் வாயைத் திறந்து கஞ்சி குடிப்பாரு. இருந்துடும்மான்னு அவரு சொன்னது எனக்கும் அவருக்கும்தான் தெரியும்."

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நீதிபதி ஐயா, "என்னம்மா?" என்றதும்தான் கீழே பார்த்தேன். தாளில் ஒன்றும் இல்லை. எழுந்து நின்று, "மன்னிக்கணும் ஐயா, அவங்க சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லணும்" என்றேன். மறுபடி சொல்லச் சொன்னார்கள். அவள் மிரண்டுபோனாள். ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. "ஆவணம் இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள்.

பதிவில் அது மட்டும்தான் இருக்கிறது. அவள் சொன்ன மற்றதெல்லாம் என் தலைக்குள்தான் இருக்கிறது. நான் கேட்டேன், அதனால் அது தொலைந்துவிட்டது. நான் கேட்காமல் எழுதியிருந்தால் இன்றைக்கு அது அந்த வழக்குக் கட்டுக்குள் பத்திரமாக இருக்கும். இப்போது சொல், யார் சொன்னது சரி?

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ சட்டம் படிக்கிறவள்தானே. இதற்கு என்ன செய்வது என்று சொல். உன் பேராசிரியர் என்ன சொன்னார் என்று எழுதாதே. அதை அவரிடமே கேட்டுக்கொள்வேன்.

பெரியவள்


விடுதி
டிசம்பர் 9

அன்புள்ள அக்கா,

முதலில் நீ சாப்பிடு. அத்தானிடம் சொல்லி உட்கார வைத்துச் சாப்பிடச் சொல். நான் நன்றாக இருக்கிறேன்.

மறுதேர்வு நேற்றோடு முடிந்தது. ரிசல்ட் பத்து நாளில் வரும். கூடுதல் தாள் வாங்கவில்லை. கொடுத்த தாளிலேயே பாதி மிச்சம். என்னைச் சுற்றி எல்லோரும் எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி மணிக்கு முன்னாலேயே முடித்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அடித்து அடித்து எழுதினேன். அசிங்கமான தாள். நீ பார்த்தால் கிழித்துப் போடுவாய். தேறுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் கடிதம் வந்ததும் புத்தகத்தைத்தான் முதலில் தேடினேன். பிறகு மூடி வைத்துவிட்டு யோசித்தேன். இது என் கருத்து.

நீ நீதிபதி ஐயாவைப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த அம்மாவின் வக்கீலிடம் போகாதே. நீ யார் பக்கமும் இல்லை. தலையில் இருப்பதைப் பதிவில் சேர்க்காதே. அது நீ சொல்கிற சாட்சியாகிவிடும். பதிவு முழுமையாக இல்லை என்று மட்டும் சொல். தீர்ப்புக்கு முன்னால் ஒரு சாட்சியைத் திரும்ப அழைக்க நீதிபதிக்கு வழி இருக்கிறது. யாரும் மனுப் போட வேண்டியதில்லை. அவளே வந்து, அவள் வாயாலேயே சொல்லட்டும். அதே வார்த்தை வராது. வராவிட்டால் என்ன? சொல்வதற்கு இன்னொரு தடவை கிடைப்பதுதான் நியாயம்.

உனக்கு இது கெட்ட பெயர் என்று தெரியும். விளக்கம் கேட்பார்கள். நான்தான் இதில் உன்னை மாட்டிவிட்டேன் என்றும் தெரியும். அது தெரிந்தேதான் சொல்கிறேன்.

யார் சொன்னது சரி என்று கேட்டாய். எழுதுகிறவள் கேட்கக் கூடாது என்று நீ சொன்னது அந்த அறையில் சரி. இந்த வகுப்பறையில் எனக்குச் சரிவரவில்லை. இரண்டையும் சொல்ல எனக்கு இப்போது பயமாக இல்லை.

பதில் போடு.

சின்னவள்


விடுதி
டிசம்பர் 19

அக்கா,

நலம். மூன்றிலும் தேறிவிட்டேன். சொத்துரிமையில் ஐம்பத்தொன்றுதான். பேராசிரியர் என் விடையை ஒப்புக்கொள்ளவில்லை, பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் சண்டை போட்டிருக்கிறார். உதவி மையத்தில் அதைக் காட்டினேன். ஸ்கேல் வைத்து வரிவரியாக, மெதுவாக முழுதும் படித்துவிட்டு, "உங்ககிட்ட சண்டை போடறாருன்னா நீங்க ஏதோ சொல்லியிருக்கீங்க" என்றாள்.

சான்றின் நகலைத் தலைமை எழுத்தருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ என்ன செய்தாய் என்று தெரியவில்லை. அதுதான் இப்போது கவலை.

சின்னவள்


வீடு
டிசம்பர் 27

அன்புள்ள சின்னவளுக்கு,

எல்லோரும் நலம். இந்தக் கடிதத்தை வீட்டிலிருந்தே எழுதுகிறேன், அம்மா படிக்கட்டும். நீ முதலில் தோற்றதைச் சொல்லிவிட்டேன். "எனக்கு எப்பவோ தெரியும், அவ சிரிக்க சிரிக்க எழுதினப்பவே" என்றாள். பக்கத்து வீட்டுக்கும் அப்போதே தெரியுமாம்.

தலைமை எழுத்தர் உன் சான்றை மூக்கருகே வைத்துப் பார்த்தார். எங்கேயாவது குறை கிடைக்குமா என்று தேடியிருப்பார். கிடைக்கவில்லை. விடுப்பு நீட்டித்து உத்தரவு போட்டாகிவிட்டது. நீ ஜனவரியில் வர வேண்டாம்.

என் கதை. உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் ஐயாவின் அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை உள்ளே போய்விட்டேன். "அன்னிக்கு அந்தம்மா சொன்னதுல கொஞ்சம் பதிவுல இல்லை ஐயா. என் தப்பு" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க கை நின்னதை நான் பார்த்தேன். உடம்பு சரியில்லைன்னு நினைச்சேன்" என்றார். "உடம்புக்கு ஒண்ணுமில்லை, கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்" என்றேன். "மனு இல்லாமலே அவங்களைத் திரும்பக் கூப்பிடலாம் ஐயா" என்றும் சொல்லிவிட்டேன். மறுநாளே விளக்கம் கேட்டு எனக்கு ஒரு தாள் வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன். அது என் கோப்பில் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் அவளைத் திரும்ப அழைத்தார்கள். நீ சொன்ன மாதிரி அதே வார்த்தை வரவில்லை. கஞ்சியைச் சொல்லவில்லை, குரலைச் சொல்லவில்லை. அவர் படுக்கையைத் தினம் எந்தப் பக்கம் திருப்பிப் போடுவாள் என்று சொன்னாள். ஜன்னல் பக்கம் திருப்பினால்தான் தூங்குவாராம். பிள்ளைகளின் வக்கீல் குறுக்கே பேசினார். ஐயா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நான் கேட்டேன், எழுதவும் எழுதினேன். கை கொஞ்சம் தடுமாறியது. சாயங்காலம் தட்டச்சு செய்தபோது சரிபார்த்தேன். விட்டுப்போனது எதுவும் இல்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் முன்னைப் போல இல்லை. கேட்க ஆரம்பித்தால் எல்லாம் காதில் விழுகிறது. உன் உதவி மையத்தில் இதற்கு ஏதாவது வைத்திருக்கிறாளா என்று கேட்டு எழுது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அன்று ஐயாவின் அறையை விட்டு நான் வெளியே வரும்போது, "மனு எதுவும் இல்லாமலே சாட்சியைத் திரும்பக் கூப்பிடலாம்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி ஐயா. சட்டம் படிக்கிறா" என்றேன்.

அன்றைக்குத் தேதி பதினைந்து. உன் ரிசல்ட் வந்தது பத்தொன்பதாம் தேதி.

பெரியவள்